அசுர சாதகம்

அலிப்பூர் என்றதும் நம் மாணவ நண்பர்களுக்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, 1876 முதல் கூட்டம் குறையாத மிருகக்காட்சி சாலை. மற்றொன்று, பெல்விடியர் தோட்டத்திலே உள்ள தேசிய நூலகம். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் முன்னதற்கும், பரீட்சை வந்தால் பின்னதற்கும் போகிறோம். ஆனால் நம் பாட்டனார் காலத்தவரைக் கேட்டால் அலிப்பூர் என்பது ஒரு வழக்கின் பெயர். 1908 ஏப்ரலில் முசாபர்பூரில் குண்டு வெடித்தது. மே மாதம் கல்கத்தாவிலே இளைஞர்கள் பலர் பிடிபட்டனர். அரவிந்தர் உட்பட அவர்கள் அனைவரும் அலிப்பூர் நீதிமன்றத்திலே ஓராண்டுக் காலம் விசாரிக்கப்பட்டனர். சித்தரஞ்சன் தாஸ் வாதாடி 1909 மே மாதத்தில் அரவிந்தரை விடுவித்த கதை நாடறிந்தது. அதன் பின் வெகுகாலம் வரை வட இந்தியாவின் எந்த மூலையிலும் வங்காள இளைஞன் ஒருவன் தனியாக நின்றால் போதும், அவன் மடியில் குண்டு இருக்குமோ என்று போலீசார் ஐயுற்றனர்.

இந்த ஐயத்தில் அகப்பட்ட ஒரு வங்காளியைப் பற்றியதே இக்கட்டுரை. அவருக்கும் வெடிகுண்டுக்கும் எவ்வித உறவும் இல்லை. அவர் மடியில் இருந்தது அபினி என்பர். கற்றால் உஸ்தாத் வசீர் கானிடம் கற்பது, இல்லையேல் அதை விழுங்கி உயிரை விடுவது என்ற முடிவோடு, ராம்பூர் நவாபின் வண்டி வரும் வழியிலே அவர் குறுக்கே விழுந்தார். காவலர் பாய்ந்து பிடித்தனர். விசாரித்ததில் வந்த பதில் அவர்களுக்கு வியப்பாகத்தான் இருந்திருக்கும். நவாப் ஹமீத் அலி கான் சங்கீதப் பித்தர், தாமே வசீர் கானின் மாணாக்கர். வந்தவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சரோத் கேட்டார், வயலின் கேட்டார், வேறு என்ன தெரியும் என்று கேட்டு அவற்றையும் கேட்டார். பிறகு வசீர் கானை வரவழைத்து, குருதட்சிணைக்கு வேண்டிய பொருளையும் தாமே கொடுத்து, சிஷ்யக் கயிற்றைக் கட்டச் செய்தார்.

அந்த மனிதர்தாம் அலாவுதீன் கான். பின்னாளில் ரவிசங்கருக்கும், அலி அக்பர் கானுக்கும், அன்னபூர்ணா தேவிக்கும், நிகில் பானர்ஜிக்கும் ஆசானாக விளங்கியவர். சீடர்கள் அவரை பாபா என்றே அழைத்தனர்.

இன்று வங்காள தேசத்தைச் சேர்ந்த பிராமண்பாரியா வட்டாரத்திலே சிப்பூர் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். ஆண்டு 1862 என்று பல நூல்கள் எழுதுகின்றன. அப்படியாயின் 1972இல் மறைந்தபோது அவருக்கு நூற்றுப்பத்து வயது. 1881 என்பாரும் உளர். நான் இரண்டாம் கட்சி. காரணம் சொல்லிவிடுகிறேன். பத்து வயதளவில் வீட்டை விட்டு ஓடியவர், கல்கத்தாவில் ஏழாண்டு ஒரு குருவிடம் இருந்தார், அந்தக் குரு பிளேக் நோயில் மாண்டார் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரலாறு. கல்கத்தாவுக்குப் பிளேக் வந்தது 1898இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1881தான் பொருந்துகிறது. ஆனால் நம் நாட்டில் பெரியவர்களுக்கு வயதைக் கூட்டிச் சொல்வதே மரியாதை. அந்த மரியாதையை அவர் மறுக்கவும் இல்லை.

தந்தையார் சிதார் வாசிப்பவர். தமையனார் ஆப்தாபுதீன் பக்கிரி மனப்பான்மை உடையவர், புல்லாங்குழலில் வல்லவர். வீட்டிலேயே இசை இருந்தும் பையன் ஏன் ஓடினான்? பள்ளிக்கூடம்தான் காரணம். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு புறப்படுவான், சிவன் கோயிலில் சாதுக்கள் பாடும் இடத்தில் உட்கார்ந்து விடுவான். தாய் கண்டுபிடித்து அடித்தாள். ஒருநாள் இரவு கையில் கிடைத்த சில்லறையோடு கிளம்பி, நாடோடி வாத்தியக்காரர்களோடு சுற்றி, கடைசியில் கல்கத்தா வந்து சேர்ந்தான்.

அந்நாளைய கல்கத்தாவை எண்ணிப் பாருங்கள். பெல்விடியர் மாளிகையில் வங்காளத்து லெப்டினென்ட் கவர்னர் வாழ்ந்த காலம் அது. அலிப்பூரில் துரைமாரின் கோச்சு வண்டிகள். மைதானத்துக்கு அப்பால் ஈடன் தோட்டத்திலே மாலைதோறும் பாண்டு வாத்தியம். வடக்கே கங்கைக் கரைப் படித்துறையில், தலைக்குக் கீழே வைத்துப் படுக்க ஒரு மூட்டைகூட இல்லாமல் இந்தச் சிறுவன். இருந்த மூட்டையை முதல் இரவே யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அன்னசத்திரத்தில் ஒருவேளைச் சோறு, மற்ற வேளைக்குக் கங்கை நீர், இரவில் ஒரு வைத்தியர் வீட்டுத் திண்ணை. இந்த நிலையிலும் அவன் விசாரித்தது வேலை எங்கே கிடைக்கும் என்றல்ல, பாட்டு எங்கே கற்கலாம் என்று.

அவனுக்குக் கிடைத்த ஆசிரியர் கோபால் சந்திர சக்கரவர்த்தி. கை ஊனமானவராதலால் நூலோ கோபால் என்று ஊரார் அழைத்தனர். துருபத சங்கீதத்திலே பெரிய பெயர். அவர் இட்ட நிபந்தனை ஒன்றே. பன்னிரண்டு ஆண்டு ஸ்வரம் மட்டும் பாட வேண்டும். ராகம் கேட்கக் கூடாது, கீர்த்தனம் கேட்கக் கூடாது. நம் ஊர்ப் பிள்ளைகள் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம் என்று ஏறி, ஆறாம் மாதம் கீதத்துக்கு வரவில்லையென்றால் பெற்றோர் வாத்தியாரை மாற்றிவிடுகிறார்கள். இங்கே ஒரு பையன் விடியுமுன் எழுந்து தம்பூராவை மடியில் வைத்துக்கொண்டு ஏழு ஸ்வரங்களையே விதவிதமாக அடுக்கிப் பாடிக்கொண்டிருந்தான். ஸரிக ரிகம என்று மூன்று மூன்றாய், பிறகு நான்கு நான்காய், பிறகு ஒன்றைத் தாண்டி ஒன்றாய். வடக்கே இதைப் பல்டா என்பார்கள். இந்தச் சாதகம் ஏழாண்டு நடந்தது.

பன்னிரண்டு ஆண்டு முடியவில்லை. தமையனார் தேடி வந்து பிடித்துக்கொண்டு போனார். கால்கட்டுப் போட்டால் ஓடமாட்டான் என்பது எல்லா ஊர்ப் பெரியவர்களுக்கும் உள்ள நம்பிக்கை. மதன்மஞ்சரி என்ற சிறுமியை மணம் முடித்து வைத்தனர். கல்யாண வீட்டு விளக்கு அணையுமுன் மாப்பிள்ளை கல்கத்தாவுக்கு ஓடிவிட்டார். வந்து பார்த்தால் குரு பிளேக் நோயில் மறைந்துவிட்டிருந்தார். அவரைத் தவிர வேறொருவரிடம் பாட்டுக் கற்பதில்லை என்று முடிவு செய்து வாத்தியத்தின் பக்கம் திரும்பினார் அலாவுதீன். ஊரில் விட்டு வந்த அந்தச் சிறுமியை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். அவர் மறந்திருந்தார்.

பிறகு சில ஆண்டுகள் கல்கத்தாவில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கற்றார். சுவாமி விவேகானந்தரின் உறவினரான அம்ருதலால் தத்தர், ஹபு தத்தர் என்று புகழ்பெற்றவர், வாத்தியக் குழு ஒன்றை நடத்தி வந்தார். அவரிடம் பல கருவிகள். ஹசாரி உஸ்தாதிடம் ஷெனாய். கோவாவிலிருந்து வந்த லோபோ என்ற பாண்டு மாஸ்டரிடம் வயலினும் ஐரோப்பிய ஸ்வரக் குறிப்பும். வயிற்றுப்பாட்டுக்கு மினர்வா நாடகக் கொட்டகையில் வாசிக்கும் வேலை. அங்கே கிரீஷ் சந்திர கோஷ் இவருக்குப் பிரசன்ன பிஸ்வாஸ் என்று பெயரிட்டார் என்பர்.

லோபோவைப் பற்றி நினைக்கும்போது நம்மவர் ஒருவர் நினைவு வருகிறது. இதற்கு ஏறக்குறைய நூறாண்டுக்கு முன், சென்னையிலே முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், மணலி முதலியார் ஆதரவில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக் கருநாடக இசைக்கு அதை வசப்படுத்தினார். தென்னாட்டில் அது பிள்ளை பிள்ளையாய்ப் பெருகிப் பக்கவாத்தியமாய் நிலைத்துவிட்டது. கல்கத்தாவில் கற்ற அலாவுதீனோ அதைத் தம் பல கருவிகளில் ஒன்றாகவே வைத்துக்கொண்டார். அவர் வயலினை இடக்கையில் வில் பிடித்து வாசிப்பார். சரோதும் அப்படியே இடக்கைதான்.

இத்தனையும் கற்றபின் கொஞ்சம் கர்வம் வரத்தானே செய்யும். முக்தாகாச்சா ஜமீன்தார் ஜகத் கிஷோர் ஆசாரியரின் சபைக்குப் போனார். எந்த வாத்தியமும் வாசிப்பேன் என்ற நினைப்பு. அங்கே ஒரு காலை வேளையில் அகமது அலி கான் சரோதைச் சுருதி சேர்த்து வாசிக்கத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த அலாவுதீன் அழுதுவிட்டார். இதுவரை கற்றதெல்லாம் எங்கே, இது எங்கே என்று எண்ணி அவர் காலில் விழுந்து சீடராகச் சேர்ந்தார்.

சரோத் எத்தகைய கருவி என்று இங்கே சொல்ல வேண்டும். நம் வீணையில் மெழுகின் மேல் மெட்டுகள் பதித்திருக்கும். விரல் சற்று முன்னே பின்னே விழுந்தாலும் ஸ்வர ஸ்தானத்தை மெட்டு காப்பாற்றிவிடும். சரோதில் மெட்டு கிடையாது. வழவழவென்ற எஃகுத் தகடு. அதன்மேல் ஓடும் தந்தியை நக நுனியால் அழுத்தி வழுக்கிச் செல்ல வேண்டும். அடியில் மரப்பலகைக்குப் பதிலாக ஆட்டுத்தோல். மறுகையில் தேங்காய் ஓட்டில் செய்த துண்டு ஒன்றைப் பிடித்து மீட்ட வேண்டும். ஒரு மயிரிழை தவறினால் அபஸ்வரம் அம்பலத்துக்கு வந்துவிடும். மீட்டுக்கும் சொற்கட்டு உண்டு. ஒரு திசைக்கு டா, எதிர்த் திசைக்கு ரா, இரண்டையும் விரைவாய்ச் சேர்த்தால் டிரி. மிருதங்கக்காரர் சொல்லைக் கையில் கொண்டுவருவது போல மீட்டும் கை இவற்றைப் பேச வேண்டும். இரு கையும் தனித்தனியே சரியாக இருந்தும் சேரும்போது தடுமாறுவது எல்லாத் தந்திக் கருவிக்காரரும் அறிந்த துன்பம். விரல் ஸ்வரத்துக்குப் போய்ச் சேருமுன் மீட்டு விழுந்துவிடும், அல்லது விரல் வந்தபின் மீட்டு விழும். மெதுவாய் வாசிக்கையில் இது காதுக்குத் தெரியாது. மூன்றாம் காலத்தில் தெரியும்.

அகமது அலியிடம் சேர்ந்த இளைஞர் சமைத்தார், துணி துவைத்தார், ஹுக்காவுக்கு நெருப்பு எடுத்து வைத்தார். ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது சொற்பம். அடுத்த அறையில் இருந்து கேட்டதோ ஏராளம். ஆசிரியர் வெளியே போன நேரம் பார்த்து, கேட்டவற்றைக் கையில் கொண்டுவரச் சாதகம் செய்தார். ஒருநாள் அகமது அலி வாசலிலேயே நின்று கேட்டார். தாம் சொல்லிக் கொடுக்காத சரக்கெல்லாம் உள்ளிருந்து வருகிறது! மகிழ்ந்திருக்கலாம். அந்நாளில் வித்தை என்பது குடும்பச் சொத்து, பெட்டியில் பூட்டி வைக்கும் நகை. திருட்டுக் கொடுத்தவர் போலத்தான் அவர் வருந்தினார். சீடரைத் தம் ஊரான ராம்பூருக்கு அழைத்துச் சென்று, சில காலத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த ராம்பூரிலேதான் வண்டியின் குறுக்கே விழுந்த நிகழ்ச்சி.

வசீர் கான் தான்சேனின் வழிவந்தவர், வடநாட்டு வீணையாகிய பீன் வாத்தியத்திலே தமக்கு நிகரில்லாதவர். நவாபின் முன்னிலையில் கயிறு கட்டினாரே ஒழிய, கற்பிக்கவில்லை. ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல, இரண்டரை ஆண்டு. தினமும் அலாவுதீன் போய் வாசலில் நிற்பார். உள்ளே அழைப்பு வராது. திரும்பி வந்து தம் அறையில் சாதகம் செய்வார். ராம்பூர் சபையிலிருந்த மற்ற வித்வான்களிடம் கெஞ்சிக் கெஞ்சித் துண்டு துணுக்குகளைச் சேகரிப்பார். உறக்கம் வந்தால் விழித்துக்கொள்ளத் தலைமயிரைக் கயிற்றால் கட்டி உத்தரத்தோடு பிணைத்துக்கொண்டு வாசித்தார் என்றும் கதை உண்டு. இக்கதையை எத்தனையோ வித்வான்கள் மேல் ஏற்றிச் சொல்கிறார்கள். நம் பக்கத்துப் பாகவதர்கள் குடுமியையும் ஆணியையும் பற்றிக் கேட்டிருக்கிறோம். பொய்யென்று தள்ளவும் மனமில்லை. இவர் செய்யக்கூடியவரே.

இரண்டரை ஆண்டு முடிவில் ஒரு கடிதம் வந்தது. ஊரிலே விட்டு வந்த மனைவி, இப்போது வளர்ந்த பெண், கணவன் வருவான் வருவான் என்று காத்துச் சலித்துத் தற்கொலைக்கு முயன்றாள், அருந்தலாக உயிர் தப்பினாள் என்ற செய்தி அது. கடிதம் வசீர் கான் கையில் அகப்பட்டது. வாசலில் நிற்கும் இந்த வங்காளிக்கு மனைவி ஒருத்தி இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரியும். அவர் மனம் இளகியது. உள்ளே அழைத்தார். தம் குடும்பத்தாருக்கே உரிய பீன் வாத்தியத்தைக் கற்பிக்க முடியாது, ஆனால் அதன் சங்கீதம் முழுவதையும் சரோதில் தருவேன் என்று ஒப்புக்கொண்டார். அதன்பின் ஆண்டுகள் பலவாய் அந்தக் கல்வி நடந்தது. இன்று சரோதிலும் சிதாரிலும் நாம் கேட்கும் நீண்ட ஆலாபனையும் ஜோடும் அங்கிருந்து வந்தவை.

அந்தப் பெண் செய்யத் துணிந்த காரியம்தான் இவருக்குக் கதவைத் திறந்தது. பெரியோர் வரலாறு எழுதுவோர் இதனை ஒரு வரியில் தாண்டிப் போகின்றனர். எனக்கு அப்படித் தாண்ட முடியவில்லை. இவர் சாதகம் செய்த நாளெல்லாம் அவள் தன்னந்தனியாக இருந்தாள். பிற்காலத்தில் அவர் தாமே கண்ட ராகம் ஒன்றுக்கு மதன்மஞ்சரி என்று அவள் பெயரை இட்டார். மைஹரில் கட்டிய வீட்டுக்கும் மதீனா பவன் என்று அவள் பெயரே. கடன் இருப்பதை உணர்ந்திருந்தார் போலும்.

மைஹர் மத்தியப் பிரதேசத்திலே ஒரு சிற்றூர். குன்றின் மேல் சாரதா தேவி கோயில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அந்தச் சமஸ்தானத்து மகாராஜா பிரிஜ்நாத் சிங் 1918 அளவில் அலாவுதீன் கானை ஆசிரியராக அழைத்துக்கொண்டார். ஐந்து வேளை தொழுகை தவறாத இந்த முஸ்லிம், சாரதா தேவியைத் தம் தாயென்று கொண்டாடினார். வீட்டிலே காளிக்கும் கிருஷ்ணனுக்கும் படங்கள். யாரும் அதை வியப்பாகக் கருதவில்லை. இன்று நமக்குத்தான் அது வியப்பு.

அவ்வாண்டுகளிலே கொள்ளைநோய் பரவியது. பெற்றோரை இழந்த குழந்தைகள் பலர். அவர்களைச் சேர்த்து ஒரு வாத்தியக் குழு அமைத்தார் பாபா. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள், சங்கீதம் இன்னதென்று அறியாதவர்கள். ஹபு தத்தரிடமும் லோபோவிடமும் கற்றது இங்கே பயன்பட்டது. சிதாரையும் பாஞ்சோவையும் கலந்து ஒரு கருவி செய்தார். பயனற்றுப் போன துப்பாக்கிக் குழல்களை அளவுக்கு அறுத்து, தட்டினால் ஸ்வரம் பேசும் நளதரங்கம் செய்தார். மைஹர் பாண்டு என்று அக்குழு புகழ்பெற்றது, இன்றும் நடக்கிறது. குண்டுக்காரனென்று பிடிபட்டவர் துப்பாக்கியைத் தொட்டது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

ஆசிரியர் என்ற முறையில் பாபா பொல்லாதவர். மகன் அலி அக்பரை விடியுமுன் எழுப்பிச் சாதகத்துக்கு உட்கார வைப்பார். நாளில் பதினெட்டு மணி நேரம் என்ற கணக்கு அந்த மகனே பின்னாளில் சொன்னது. தவறினால் அடி. ஒரு சமயம் மரத்தோடு கட்டி வைத்தார். பையன் ஓடிப்போனான். தாம் ஓடியதை மறந்து மகனைத் தேடிப் பிடித்து வந்தார். இப்படி வளர்ந்தவர்தாம் உலகம் போற்றும் சரோத் வித்வானானார் என்று சொல்லி அந்த அடியை நியாயப்படுத்துவோர் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. அடி வாங்கியும் வித்வானாகாத பிள்ளைகள் எத்தனை பேரோ, அவர்கள் கதையை யார் எழுதினார்கள்?

அடியில்லாமலே வந்த வித்தையும் அதே வீட்டில் உண்டு. பாபா தம் மகள் ஜஹானாராவுக்குச் சங்கீதம் கற்பித்து மணம் முடித்துக் கொடுத்தார். புகுந்த வீட்டாருக்குப் பாட்டு ஆகாது. அவள் மனமுடைந்து திரும்பி வந்து இளமையிலேயே இறந்தாள். இனிப் பெண்ணுக்குக் கற்பிப்பதில்லை என்று தந்தை முடிவு செய்தார். இளையவள் 1927இல் பிறந்தவள். அன்னபூர்ணா என்ற பெயர் மகாராஜா இட்டது. ஒருநாள் பாபா கடைக்குப் போயிருந்தார். அலி அக்பர் உள்ளே அன்றைய பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தார். கடினமான இடம் ஒன்றில் திரும்பத் திரும்பத் தவறு. வெளியே நொண்டி விளையாடிக்கொண்டிருந்த தங்கைக்குப் பொறுக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, தந்தை சொன்னது அப்படியில்லை, இப்படி என்று அந்த இடத்தைப் பாடிக் காட்டினாள். பாடிக்கொண்டே இருக்கிறாள், அண்ணன் முகம் வெளுத்துப் போயிற்று. திரும்பிப் பார்த்தால் பின்னால் தந்தை நிற்கிறார்.

அடி விழும் என்று குழந்தை நடுங்கியது. பாபா அவள் சடையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்று, கையில் தம்பூராவைக் கொடுத்தார். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சுவருக்கு அப்பால் இருந்து கேட்டே முழுப்பாடமும் அவள் நெஞ்சில் பதிந்திருந்தது. முன்பு அகமது அலி வீட்டு வாசலில் நடந்ததுதான் இங்கே மீண்டும் நடந்தது. அன்று ஆசிரியர் பெட்டியைப் பூட்டினார், இன்று இவர் திறந்தார். இந்த வேறுபாடு ஒன்றுக்காகவே பாபாவின் மற்றக் குற்றங்களில் பாதியை மன்னிக்கலாம் என்று தோன்றுகிறது.

1935இல் உதயசங்கர் தம் நடனக் குழுவோடு ஐரோப்பாவுக்குப் பாபாவையும் அழைத்துப் போனார். பம்பாய்த் துறைமுகத்திலே உதயசங்கரின் தாயார், கடைக்குட்டி ரவியின் கையைப் பிடித்துப் பாபாவிடம் கொடுத்து, இவனை உங்கள் மகனாகப் பாருங்கள் என்று வேண்டிக்கொண்டார். அடுத்த ஆண்டே அந்த அம்மையார் காலமானார். பாரிசின் ஒளியில் நடனமாடி, பட்டாடையும் வாசனைத் தைலமுமாய்த் திரிந்த அந்த இளைஞர் 1938இல் தலையை மழித்துக்கொண்டு, முரட்டுத் துணி அணிந்து, தகரப் பெட்டியுடன் மைஹர் வந்து இறங்கினார். அவருக்கு அப்போது பதினெட்டு வயது. அந்த வயதில் சிதாரில் அடிப்படையிலிருந்து தொடங்குவது என்பது, தேர்ந்த கவிஞன் மணலில் அகரம் எழுதுவதை ஒக்கும்.

மைஹருக்கு வந்த தொடக்க நாளில் ஒரு பாடம். பாபா ஒரு கோவையை வாசிக்கச் சொன்னார். அதைக் கேட்ட வேகத்தில் ரவியால் கொண்டுவர முடியவில்லை. மீட்டும் கையின் மணிக்கட்டில் வலுவில்லை. மீண்டும், மீண்டும் முயன்றார். விரலில் மாட்டிய கம்பி மீட்டுகோல் சதையை அறுத்தது. பாபாவுக்குக் கோபம் ஏறியது. வேறு சீடனாயிருந்தால் அருகில் கிடந்த ஏதேனும் பறந்திருக்கும். இந்தப் பிள்ளையை அடிப்பதில்லை என்பது தாயிடம் கொடுத்த வாக்கின் பொருட்டு அவர் கொண்ட விரதம். அடிக்கவில்லை. ஆனால் கடைக்குப் போய் வளையல் வாங்கிக் கையில் மாட்டிக்கொள், உன் கை பெண்பிள்ளைக் கை என்ற பொருளில் ஏசிவிட்டார். பெண்பிள்ளைக் கை என்ன செய்யும் என்பதற்குத் தம் வீட்டிலேயே சான்று இருந்தும், கோபத்தில் அது நினைவுக்கு வராமற் போனது வேடிக்கை.

சிறுவயதில் எவரிடமும் கடுஞ்சொல் கேட்டறியாத ரவிசங்கர் எழுந்து போய்ப் பெட்டியைக் கட்டினார். ரயில் ஏறும் நேரத்துக்குக் காத்திருந்தார். அலி அக்பர் ஓடி வந்து என்ன என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு நம்பவே முடியவில்லை. இந்த வீட்டில் இதுவரை அடிபடாத ஒரே ஆள் நீதான், ஒரு சொல்லுக்காகவா போகிறாய், நான் பட்டதைக் கேள் என்று தம் கதையைச் சொன்னார். பிறகு வீட்டுக்குள் அழைத்துச் சென்றார். அங்கே பாபா தரையில் உட்கார்ந்து, ஒரு புகைப்படத்தை அளவுக்கு வெட்டிச் சட்டத்துக்குள் பொருத்திக்கொண்டிருந்தார். ரவியின் படம் அது. மன்னிப்பு என்ற சொல் எவர் வாயிலும் வரவில்லை. வளையல் என்ற ஒரு சொல்லுக்காக நீ போகிறாயே, உன் தாய் உன்னை என்னிடம் ஒப்படைத்தது மறந்துவிட்டதா என்ற கருத்தில் ஏதோ முணுமுணுத்தார். பெட்டி அவிழ்க்கப்பட்டது.

பிறகு அந்தக் கோவை என்னவாயிற்று? கைக்கு வரும்வரை சாதகம் நடந்தது, வேறென்ன. மைஹர் முறையில் இதற்குக் குறுக்கு வழி கிடையாது. வேகத்தில் உடைந்த இடத்தை வேகத்தில் ஒட்ட வைக்க முடியாது. விளம்ப காலத்துக்கு இறங்கி, ஒரு மீட்டு ஒரு ஸ்வரம் என்று வைத்து, காலால் தாளமிட்டுப் பலமுறை. ஒலியளவு ஏறி இறங்காமல் எல்லா ஸ்வரமும் ஒன்றுபோல் கேட்டபின் இரண்டாம் காலம். அங்கே தடுக்கினால் மறுபடி கீழே. ரவிசங்கர் ஆறாண்டுக்கு மேல் அவ்வூரில் இருந்தார். 1941இல் அன்னபூர்ணாவை மணந்தார். அந்த இல்லறம் நிலைக்கவில்லை என்பது வேறு கதை.

நம் கல்கத்தாவிலிருந்து மைஹர் சென்றவர்கள் ஒருவர் இருவரல்லர். திமிர் பரன் முன்னோடி. 1947இல் பதினாறு வயது நிகில் பானர்ஜி போனார். அதிகாலை நான்கு முதல் இரவு பதினொன்று வரை, உணவுக்கும் குளியலுக்கும் போக மீதியெல்லாம் சாதகம் என்று அவர் நினைவு கூர்ந்ததுண்டு. 1956இல் அலி அக்பர் கல்கத்தாவிலே ஒரு சங்கீதக் கல்லூரி நிறுவினார். தந்தை அன்னசத்திர வரிசையில் நின்ற ஊரில் மகன் கல்லூரி. பாபாவுக்கு 1958இல் பத்ம பூஷண், 1971இல் பத்ம விபூஷண். ரித்விக் கட்டக் 1963இல் அவரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். 1972 செப்டம்பர் 6ஆம் நாள் மைஹரிலே அவர் உயிர் பிரிந்தது.

அன்னபூர்ணா தேவி பம்பாயில் குடியேறினார். கச்சேரி செய்வதை அறவே விட்டு, கதவை அடைத்துக்கொண்டு, விரும்பி வந்தவர் சிலருக்கு மட்டும் கற்பித்து வந்தார். 2018இல் மறைந்தார். வந்தவர்களிலே ஒருவர் ஹரிபிரசாத் சௌராசியா. அப்போதே புல்லாங்குழலில் பெயர் பெற்றவர், சினிமாவில் வாசித்துப் பொருள் ஈட்டியவர். பழைய வாசிப்பை முற்றும் மறந்து முதலிலிருந்து தொடங்கச் சித்தமானால் வரலாம் என்பது அம்மையாரின் நிபந்தனை. தாம் சித்தமாயிருப்பதை மெய்ப்பிக்க அவர் குழலை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றிப் பிடித்தார். பழகிய விரல்களுக்கு ஒரு ஸ்வரமும் தெரியவில்லை. ஸட்ஜத்தில் தொடங்கினார்கள்.